டயருக்கும் தேதி உண்டு

வீரராகவனுக்குப் பின்டயர் வெடித்தது கூடப் பெரிதில்லை. அது சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துபோனதுதான் தாங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம் போய், மகள் ரேகாவின் வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டுத் திரும்பும்போது, திருமழிசைக்குச் சற்று முன்னால் நெடுஞ்சாலையில் டயர் வெடித்தது. வண்டி இரண்டு ஆட்டம் ஆடி ஓரமாக நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் மனைவி தாட்சாயிணி பதறிப்போய் அங்கேயே நின்றுகொண்டு மகளுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மறுநாள் காலையிலேயே சம்பந்தியம்மா மங்களத்திடமிருந்து போன் வந்தது.

"ஏழு மாசப் பிள்ளைத்தாய்ச்சிங்க. அந்த வண்டியில அனுப்ப எனக்கு மனசு வரல. நாலு டயரும் புதுசாப் போட்டுட்டு வாங்க, அனுப்பறேன். இல்லன்னா பிரசவத்த நாங்களே இங்க பாத்துக்கறோம்."

முதல் பிரசவம் தாய் வீட்டில்தான். அதை ஒருத்தி இப்படிச் சொல்லிவிட்டாளே என்று தாட்சாயிணிக்கு அன்று சோறு இறங்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரேகாவுக்கு நாலாம் மாசத்தில் கலைந்துபோனது. தகவல் தெரிந்து இவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, பெண் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்த முதுகை தாட்சாயிணி இன்னும் மறக்கவில்லை. இந்தத் தடவை பெண் தன் கண்ணெதிரில் இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நாளை வளைகாப்பு. இன்று சனிக்கிழமை. டயர் இன்னும் போடவில்லை.

ஏன் போடவில்லை என்று கேட்டால் வீரராகவன் ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டுவார். திங்கள் முதல் வெள்ளி வரை, ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரை பதினோரு கடை ஏறி இறங்கி விலை விசாரித்து எழுதிய காகிதம். ஆவடி தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்த மனிதர். ஒரு மயிரிழை கூடக் குறைய இருந்தால் திருப்பி அனுப்பியவர். வாங்குகிற பொருளில் ஒரு ரூபாய் ஏமாந்தாலும் தூக்கம் வராது.

"வாடகைக் காரு எட்த்துகினு போலாங்க," என்று தாட்சாயிணி சொல்லிப் பார்த்தாள்.

"எம் பொண்ண வாடகைக் கார்லயா இட்டாருவேன்?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மகன் பிரசன்னா இருக்கிறானே, அவனாவது பார்த்துச் செய்யக் கூடாதா என்று கேட்கலாம். செய்வான். ஆனால் அப்பாவும் பிள்ளையும் பேசி ஐந்து மாசம் ஆகிறது. சேக்காட்டில் சொந்த வீடு இருக்கும்போது, கேட்காமல் கொள்ளாமல் அம்பத்தூரில் ஒரு ஃபிளாட் வாங்கிக்கொண்டு பெண்டாட்டியோடு போய்விட்டான். பால் காய்ச்சிய அன்று வீரராகவன் வரவில்லை. அன்றைக்கு விட்டுப்போனதுதான் பேச்சு. அதற்குப்பின் இருவருக்கும் நடுவில் தபால்காரி தாட்சாயிணிதான். 'உன் பையன்கிட்ட சொல்லு' என்று இவர் சொல்வார். 'உன் புருஷன்கிட்ட சொல்லு' என்று அவன் சொல்வான். சேதியோடு முள்ளும் வரும். முள்ளை எடுத்துவிட்டுச் சேதியை மட்டும் சேர்ப்பது அவள் வேலை.

வியாழக்கிழமை அந்த வேலையை அவள் ராஜினாமா செய்தாள். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. 'அவருக்கு ஆன்லைன்ல விலை பாக்கத் தெரியுமான்னு கேளு' என்று அவன் சொல்ல, 'அவனுக்கு ஸ்டெப்னி கழட்டத் தெரியுமான்னு கேளு' என்று இவர் சொல்ல, அவளுக்குப் பொங்கிவிட்டது. இனி யார் சேதியையும் யாருக்கும் சொல்வதில்லை என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டாள்.

நேற்று சாயங்காலம் பிரசன்னா கூப்பிட்டான்.

"அம்மா, அப்பாகிட்ட ஒண்ணு சொல்லணும். டயர் விஷயமா..."

"உங்கப்பாகிட்ட போனு கீது. நம்பர் உனக்குத் தெரியும்," என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகு மனசு உறுத்தியது. ஆனாலும் சபதம் சபதம்தான்.

காலை ஒன்பது மணிக்கு வண்டியைத் தெருமுனையில் ரசாக்கின் பஞ்சர் கடையில் நிறுத்தினார் வீரராகவன். ஸ்டெப்னி டயரில் காற்று இறங்கியிருந்தது. அப்துல் ரசாக் இருபது வருஷமாக அந்த முனையில் உட்கார்ந்திருப்பவன். இவர்கள் வீட்டு சைக்கிளில் தொடங்கி எல்லா வண்டிக்கும் அவன்தான் காற்றுப் பிடித்தவன்.

"எங்க போடப் போறீங்க, அண்ணே?"

"பூந்தமல்லி ரோட்டுல லோகநாதன் கடை. நாலும் பதினாறாயிரம். மத்தவன்லாம் இருபது, இருபத்தொண்ணு சொல்றான்." வீரராகவன் காகிதத்தை எடுத்தார்.

ரசாக் காகிதத்தைப் பார்க்கவில்லை. "நாலாயிரம் கம்மியா? தேதி பாத்தீங்களா?"

"இன்னிக்கி நல்ல நாள்தான்," என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்துக் கடைக்கு வெற்றிலை வாங்கப் போய்விட்டார். அவரிடம் சொல்லிப் பயனில்லை என்று ரசாக்குக்குத் தெரியும். அவன் தாட்சாயிணியிடம் திரும்பினான்.

"யக்கா, நீங்க பாருங்க. டயரு பக்கவாட்டுல முட்டை மாதிரி ஒரு கட்டம் இருக்கும். அதுக்குள்ள நாலு நம்பரு. முதல் ரெண்டு டயர் செஞ்ச வாரம், கடைசி ரெண்டு செஞ்ச வருஷம். ஓடாத டயருன்னாலும் வருஷம் ஆனா ரப்பரு காஞ்சிடும். பாலிஷ் போட்டா வெளிய தெரியாது. புள்ளத்தாச்சி ஏறப் போற வண்டி, அதான் சொல்றேன்."

தாட்சாயிணி பழைய டயரில் அந்தக் கட்டத்தைத் தேடி விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள். இதென்ன, இவ்வளவுதானா என்றிருந்தது.

லோகநாதன் கடையில் டயர்கள் மாவு சல்லடை போல வரிசையாகத் தொங்கின. லோகநாதன் நல்ல மனிதன்தான். வந்தவுடன் நாற்காலி போட்டான், தண்ணீர் கொடுத்தான். நாலு டயரை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். பளபளவென்று இருந்தன.

"முதல் போணி சார். உங்களுக்காக பதினஞ்சு ஐநூறு."

வீரராகவன் மனைவியைப் பார்த்துப் பெருமையாகப் புருவத்தை உயர்த்தினார். ஐந்து நாள் அலைந்தது வீண் போகவில்லை என்று அதற்கு அர்த்தம்.

தாட்சாயிணி புடவையைச் சொருகிக்கொண்டு முதல் டயருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். ஒரு பக்கம் அந்தக் கட்டம் இல்லை. புரட்டச் சொன்னாள். மறுபக்கம் இருந்தது. பதினொன்று, இருபது.

"இது இன்னா நம்பர்ப்பா?"

"அது கம்பெனி நம்பர்மா. சீரியலு."

"பதினொண்ணாவது வாரம், இருபதாம் வருஷம். ஊரடங்கு போட்டாங்களே, அந்த மாசம்." அவள் நிமிர்ந்தாள். "அர லிட்டர் பால் பாக்கெட்டுக்கு தேதி பாத்து வாங்கறேன். இதுல எம் பொண்ணு வரப் போறா. பாக்க மாட்டனா?"

"தாட்சா, நீ சொம்மா இரு," என்றார் வீரராகவன். குரலில் வேகம் இல்லை. அவர் மெதுவாகச் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் குந்தினார். முழங்கால் சொடுக்கியது. முதல் டயரைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவது இருபத்தொன்றாம் வருஷம். நாலாவதில் அந்த இடம் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

அவர் எழுந்திருக்கச் சிறிது நேரம் எடுத்துக்கொண்டார். முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவன் செய்த பொருளில் குறை கண்டுபிடித்த மனிதர், பதினோரு கடையில் விலையை மட்டும் கேட்டிருக்கிறார். பொருளைத் திருப்பிப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே தாட்சாயிணிக்குப் பாவமாக இருந்தது.

லோகநாதன் கோபப்படவில்லை. "ஸ்டாக்குல நின்னுபோச்சு சார். ஒரு கிலோமீட்டரு ஓடாதது. அதனாலதான் அந்த ரேட்டு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"நான் கேக்கல," என்றார் வீரராகவன். "தப்பு எம் மேலதான்."

இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து தாட்சாயிணி கேட்டுப் பல வருஷம் ஆகிறது. பரிதாபப்பட்டது போதும் என்று அவள் களத்தில் இறங்கினாள்.

"புது தேதி இருந்தா எடு. இன்னா வெல?"

"ஒண்ணு நாலாயிரத்து தொள்ளாயிரம்மா. அலைன்மென்ட், பேலன்சிங் தனி."

"உன் தங்கச்சி வண்டிக்குப் போட்டா இன்னா ரேட்டு போடுவே?"

"எனக்குத் தங்கச்சி இல்லமா."

"இப்ப கீறேன்ல. சொல்லு."

லோகநாதன் சிரித்துவிட்டான். சிரித்தவனிடம் பேரம் பேசுவது சுலபம் என்பது அவளுக்குச் சந்தையில் தெரிந்த பாடம். நாலாயிரத்து எழுநூறு என்றான். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போனாள். நாலாயிரத்து அறுநூறு என்றான். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"அலைன்மென்ட்டு, பேலன்சிங்கு அதுலயே சேத்துக்கோ. வெடிச்சது போகட்டும், மிச்சம் பழசு மூணுக்கும் இன்னா தருவே? பில்லு குடு. வாரண்டி கார்டுல தேதிய எழுது. உனக்கும் நஷ்டம் வேணாம்ப்பா, எனக்கும் வேணாம்."

பழையதுக்கு எழுநூறு கழித்துக்கொண்டு, எல்லாம் சேர்த்துப் பதினேழாயிரத்து எழுநூறில் வந்து நின்றது. காகிதத்தில் எழுதிய எந்தப் புது டயர் விலையும் இவ்வளவு இறங்கவில்லை. வீரராகவன் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு ஒவ்வொரு டயரையும் மாட்டும்போது பக்கத்தில் நின்று, எண்ணை வாய்விட்டுப் படித்தார்.

திரும்பும் வழியில் வண்டி சத்தமில்லாமல் ஓடியது. பருத்திப்பட்டு தாண்டும்போது அவர் சொன்னார்.

"ரசாக்கு சொன்னானா?"

"ஆமா."

"எங்கிட்ட சொல்லியிருந்தா கேட்டிருக்க மாட்டேன்."

"தெரிஞ்சிதான் எங்கிட்ட சொன்னான்."

அவர் சிரித்தார். நாளைக்கு இந்த நேரம் பின் ஸீட்டில் ரேகா இருப்பாள் என்று தாட்சாயிணி நினைத்துக்கொண்டாள். தலையணை இரண்டு எடுத்துப் போட வேண்டும். புளிப்பு மாங்காய் வாங்கி வைக்க வேண்டும். மனசு ஒரு வாரத்துக்குப் பிறகு லேசாக இருந்தது.

தெருவுக்குள் திரும்பியதும் அந்த லேசு போய்விட்டது.

வீட்டு வாசலில் ஒரு சின்ன வேன் நின்றது. வேனுக்கு முன்னால் பிரசன்னா. அவன் காலடியில் நாலு புது டயர்.

வீரராகவன் வண்டியை நிறுத்தி இறங்கினார். பிரசன்னாவின் கண் வண்டியின் சக்கரங்களுக்குப் போனது. இவர் கண் தரையில் இருந்த டயர்களுக்குப் போனது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தாட்சாயிணியைப் பார்த்தார்கள்.

நேற்றைய போன் அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஐந்து மாசமாக ஒழுங்காகத் தபால் கொண்டுபோனவள் ஒரு நாள் லீவு போட்டதற்கு நாலு டயர் தண்டம். சபதத்தை நினைத்து அவள் வாசற்படியில் போய் உட்கார்ந்து, கையிலிருந்த பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வேன்காரர் பெயர் தமிழரசு. நரைத்த மீசை, காக்கிச் சட்டை. வீட்டுக்கே வந்து டயர் மாட்டிக் கொடுப்பது அவர் வேலை. அவர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு சார் வண்டிக்காரரு? எத கழட்டி எத மாட்டணும்?"

வீரராகவன் குனிந்து, தரையில் இருந்த டயரைப் புரட்டிக் கட்டத்தைத் தேடினார்.

"எட்டாவது வாரம். இந்த வருஷம்," என்று தமிழரசிடம் சொன்னார். "நல்ல டயருதான். இன்னா வெலக்கி வாங்கினாருன்னு கேளுங்க."

"நாலாயிரத்து எண்ணூத்தம்பது. மாட்டற கூலியோட," என்று பிரசன்னாவும் தமிழரசிடமே சொன்னான். "அவரு எவ்ளோக்கு வாங்கினாருன்னு கேளுங்க."

"நாலாயிரத்து அறுநூறு. அலைன்மென்ட்டோட. பழசுக்கு வேற காசு."

பிரசன்னா வண்டியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினான். விரலால் தடவினான். "இது ஆறாவது வாரம். இதுவும் புதுசுதான். எப்படி இந்த ரேட்டுக்குக் குடுத்தான்?"

"அது உங்க அம்மாவோட வேல."

"சார்," என்றார் தமிழரசு, "உங்களுக்குள்ள பேசிக்கோங்க. எனக்கு அடுத்தது முத்தாபுதுப்பேட்டைல ஒரு வண்டி கீது. வேணாம்னா நான் திருப்பி எட்த்துகினு போறேன். லேபிள் கிழிக்கல. வந்து போன கூலி ஐநூறு மட்டும் குட்த்துடுங்க."

பிரசன்னாவின் வாய் ஓரத்தில் சிரிப்பு ஒன்று முட்டிக்கொண்டு நின்றது. வீரராகவன் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். சிரிப்பை அடக்கும்போது அவர் செய்வது அதுதான். இரண்டு பேரும் ஒரே பெண்ணுக்காகத்தான் டயர் வாங்கியிருக்கிறார்கள். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், அதே அளவு, அதே அக்கறை. நாலு டயர் போனால் போகட்டும் என்று தாட்சாயிணி நினைத்தாள்.

அப்போது அவள் போன் அடித்தது. சம்பந்தியம்மா.

"போட்டாச்சுங்க," என்று எடுத்தவுடனே சொன்னாள் தாட்சாயிணி. குரலில் பெருமை தானாக வந்தது. "நாலும் புதுசு. நாளைக்கி காலைல ஏழு மணிக்கே..."

"நாளைக்கு வேணாம்," என்றாள் மங்களம். "இன்னிக்கே வாங்க. இப்பவே கிளம்புங்க."

தாட்சாயிணி எழுந்துவிட்டாள். "ரேகாவுக்கு இன்னா?"

"குழந்தைக்கு ஒண்ணும் இல்ல. பயப்படாதீங்க. அவளுக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்ல." எப்போதும் அதிகாரமாகப் பேசுகிற குரல் இன்று உள்ளே போயிருந்தது. "வளைகாப்பு நாளைக்கு வேணாங்க. அத அப்புறம் பாத்துக்கலாம். நீங்க வந்து பொண்ண கூட்டிட்டுப் போயிடுங்க."

"ஏன்? மாப்பிள்ள எங்க? ராகேஷ் இல்லையா?"

"அவன் செஞ்ச காரியத்த போன்ல சொல்ல முடியாதுங்க. நேர்ல வாங்க," என்றாள் மங்களம். தூரத்தில் யாரோ அழுகிற சத்தம் கேட்டது. அது ரேகா என்று தாட்சாயிணிக்குத் தெரிந்தது. பெற்றவளுக்குத் தெரியாதா.

"உங்க பையனையும் கூட்டிட்டு வாங்க," என்று சொல்லி மங்களம் போனை வைத்துவிட்டாள்.

அனுப்ப மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவள், கூட்டிக்கொண்டு போ என்கிறாள். கேட்டது கிடைத்துவிட்டது.

இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒருவரையும் தனியாகப் பார்க்காமல் சொன்னாள்.

"ரேகா அழுவுறா. இன்னிக்கே வந்து இட்டுகினு போவச் சொல்றாங்க. வளைகாப்பு வேணாமாம். மாப்பிள்ள இன்னாவோ பண்ணிகிறாராம், போன்ல சொல்ல மாட்டேன்றாங்க."

தமிழரசு டயர்களை வேனில் ஏற்றத் தொடங்கினார். ஐநூறு ரூபாயை யாரும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

வீரராகவன் வண்டியைச் சுற்றி ஓட்டுநர் பக்கம் போனார். கதவைத் திறந்தார். உள்ளே உட்காரவில்லை. வண்டி வாங்கிய இந்தப் பதினோரு வருஷத்தில் அந்த ஸ்டியரிங்கை அவர் ஒருவரையும் தொட விட்டதில்லை. பிரசன்னா லைசென்ஸ் வாங்கிய வருஷம் கெஞ்சிக் கேட்டும் கொடுத்ததில்லை.

அவர் திரும்பி மகனைப் பார்த்துச் சாவியை நீட்டினார்.

"நீ ஓட்டு நைனா," என்றார். "எனக்குக் கை நடுங்குது."